பரஸ்தானம் வைத்த பை

டெல்லியிலிருந்து ஹைதராபாத்துக்குக் காரிலேயே வந்து குடியேறினோம் என்று சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓட்டியது நான் என்று சொன்னால்தான் ஒரு நிமிஷம் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள். அவர் ஆமாம் என்று தலையாட்டின பிறகுதான் நம்புவார்கள். அதிலேயே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிடும்.

அப்போது எனக்கு ஐம்பத்து நான்கு வயது. லைசென்ஸ் வாங்கிப் பதினோரு வருஷம். ஆனால் ஓட்டினது என்னவோ காலனி வாசலிலிருந்து காய்கறி மார்க்கெட் வரைக்கும்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், தெருவில் ஈ காக்கை இல்லாத நேரத்தில். மற்ற நேரமெல்லாம் அவர் ஓட்டுவார், நான் இடது பக்கம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுப்பேன்.

ஆபீசில் பதவி உயர்வு இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள் நான். முதல் தடவை கல்கத்தா. மகள் பத்தாம் வகுப்பு. இரண்டாம் தடவை போபால். மாமியாருக்கு உடம்பு சரியில்லை. இரண்டு தடவையும் இவர் "உன் இஷ்டம்" என்றுதான் சொன்னார். உன் இஷ்டம் என்று சொல்லும்போது அந்த முகம் எப்படிப் போகும் என்று முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்குத் தெரியாதா? மூன்றாவதாக ஹைதராபாத் வந்தபோது நான் யாரையும் கேட்கவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் அப்போது ஓய்வுபெற்று இரண்டு வருஷம். "ஓகோ" என்றார். அவ்வளவுதான்.

அல்வாலில் அவருடைய அண்ணன் வாங்கிப்போட்ட ஒரு வீடு சும்மா கிடந்தது. ஆபீஸ் ஊரின் அந்தக் கோடி, வீடு இந்தக் கோடி. தினமும் போக நாற்பது, வர நாற்பது கிலோமீட்டர். அதனாலென்ன, இவர் கொண்டுபோய் விடுவார் என்று நானும் நினைத்திருந்தேன். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். முழங்கை வரை மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குக் கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

புனேயிலிருந்து மகள் ஃபோன் செய்தாள். "அம்மா, காரை லாரியில ஏத்திட்டு ரெண்டு பேரும் ஃப்ளைட்ல போங்க. உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இந்த ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரை ஓட்ட முடியாதவள், தினமும் எண்பது கிலோமீட்டரை எப்படி ஓட்டப் போகிறாள்? முடியாவிட்டால் திங்கட்கிழமை வேலையில் சேருவதற்குப் பதில், மூன்றாவது தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அதற்கப்புறம் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. யாரிடமும் சொல்லாமல் எனக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சை இது.

ஆபீசில் என்னைப் புதன்கிழமை சாயந்திரம்தான் விடுவித்தார்கள். வியாழக்கிழமை காலையில் கிளம்பியாக வேண்டும். தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டு இவர் குதித்தார். வியாழக்கிழமை தெற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கூடாது.

"ஏங்க, டெல்லிலேர்ந்து ஹைதராபாத் தெற்கால இல்லாம வடக்கால போயா வரும்?"

"அதுக்குத்தான் பரஸ்தானம்னு ஒண்ணு இருக்கு" என்றார்.

பரஸ்தானம் என்றால், கிளம்புகிற நாள் சரியில்லாதபோது முதல் நாளே நல்ல நேரம் பார்த்துப் பயணத்துக்கு வேண்டிய ஒரு பையைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டது, ஆகவே நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இவருடைய அப்பா அப்படித்தான் செய்வாராம். சரி, மனிதர் கையை உடைத்துக்கொண்டு கிடக்கிறார், எதற்கு வாக்குவாதம் என்று விட்டுவிட்டேன். பை ஒப்புக்குச் சப்பாணியாக இருக்கக் கூடாதாம், முக்கியமான சாமானாக வைக்க வேண்டுமாம். ஆகவே புது வீட்டுச் சாவி, ஆபீசில் கொடுத்த விடுவிப்புக் கடிதம், அவருடைய பிரஷர் மாத்திரை மூன்றையும் ஒரு நீலப் பையில் போட்டுக் கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வீட்டில் புதன்கிழமை மாலை வைத்துவிட்டு வந்தார். "காலைல நானே எடுத்துக்கறேன், நீ வண்டியப் பாரு" என்றார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். டெல்லியைத் தாண்டுவதற்குள் என் முதுகு நனைந்துவிட்டது. இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வாய் ஓயவில்லை.

"லாரி. லாரி வருது. ஏய், லாரி!"

"தெரியுதுங்க. எனக்கும் ரெண்டு கண்ணு இருக்கு."

"கண்ணு இருக்கு, கண்ணாடியப் பாக்கறியா?"

"உங்களப் பாக்கறதா, கண்ணாடியப் பாக்கறதா?"

அறுபதுக்கு மேல் நான் போகவில்லை. டிராக்டர்கூட என்னைத் தாண்டிப் போனது. தாண்டிப் போன டிராக்டர்க்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன். ஆக்ரா தாண்டியதும் கொஞ்சம் தைரியம் வந்து எழுபது தொட்டேன், இவர் ராம ராமா என்று ஆரம்பித்துவிட்டார்.

குவாலியருக்கு அப்புறம் ஒரு தாபாவில் மதியச் சாப்பாடு. ரொட்டி வந்தது, பருப்பு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் மாத்திரை போட வேண்டும்.

"பை எங்கங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன். பின்சீட்டில் தலையணை இருந்தது, பிளாஸ்க் இருந்தது, கிரைண்டர் கல் இருந்தது. நீலப் பை இல்லை.

"ஐயையோ" என்றார்.

ஓட்டும்போது ஃபோன் கூடாது என்று இவரே என் ஃபோனைச் சத்தம் வராமல் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தால் கீழ்வீட்டு அம்மாளிடமிருந்து பதினோரு அழைப்புகள். பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வைத்த பை டெல்லியில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுச் சாவி இல்லை. கடிதம் இல்லாமல் திங்கட்கிழமை வேலையில் சேர முடியாது. இதைப் போய் யாரிடம் சொல்லி அழுவது?

"சகுனமே சரியில்ல" என்றார் இவர். "திரும்பிடலாம். காரை லாரில ஏத்திட்டு ஃப்ளைட்ல போலாம். இல்லன்னா, போகத்தான் வேணுமான்னு யோசிச்சுக்கூடப் பாக்கலாம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் திரும்பத்தான் ஆசை. திரும்பினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை, பையைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு தடவை திரும்பினால் மறுபடி அந்தச் சக்கரத்தைத் தொட மாட்டேன் என்று எனக்குத் திட்டமாகத் தெரிந்தது.

"டெல்லி எவ்ளோ தூரம்?"

"முன்னூத்தி இருவது, முப்பது இருக்கும்."

"ஜான்சி?"

"நூறு."

"எது கிட்டக்க இருக்கு?"

நான் கீழ்வீட்டு அம்மாளைக் கூப்பிட்டேன். அந்த அம்மாள் நான் பேசுவதற்கு முன்னாலேயே திட்ட ஆரம்பித்தாள். அப்புறம், அதே மூச்சில், அன்றைக்கே கூரியரில் போட்டுவிடுகிறேன், விமானத்தில் போகும், சனிக்கிழமைக்குள் சேர்ந்துவிடும், நீ வண்டியை ஓட்டு என்றாள். யார் வாங்குவது? அல்வால் வீட்டுக்குக் கீழே ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர் இருப்பதாக அண்ணன் எண் கொடுத்திருந்தார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்திலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவரைக் கூப்பிட்டேன்.

"ஹவ் மா, சரி மா, வரட்டும், நான் வாங்கி வெக்கறேன். நீங்க நிம்மதியா வாங்க. ஃபிக்கர் நக்கோ, கவலையே வேணாம்" என்றார்.

அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

மாத்திரையை வழியில் ஒரு மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டோம். அன்றைக்கு ஜான்சி. வெள்ளிக்கிழமை சிவனி. லக்னாதோன் பக்கத்தில் டீ குடிக்க நின்றபோது சங்ககிரி லாரிக்காரர் ஒருவர் நாங்கள் தமிழில் சண்டை போடுவதைக் கேட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

"அக்கா, நீங்களா ஓட்டிட்டு வர்றீங்க? டெல்லியிலிருந்துங்களா?"

"ஆமாம்பா."

"அட! அண்ணா, நீங்க குடுத்து வெச்சவருங்க" என்றார் இவரிடம். இவர் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார், கை உடைந்ததால்தான், இல்லாவிட்டால் நான் ஓட்டியிருப்பேன் என்கிற மாதிரி. லாரிக்காரர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முப்பது கிலோமீட்டர் எனக்கு முன்னால் போய்க்கொண்டே, எதிரே வழி இருக்கும்போதெல்லாம் தாண்டிப் போகச் சொல்லி விளக்கைப் போட்டுக் காட்டினார். கடைசியில் தாண்டிவிட்டேன். தாண்டும்போது அவர் அடித்த ஹாரன் சத்தம் இருக்கிறதே, அதற்காக இன்னொரு தடவை டெல்லிக்குப் போய்த் திரும்பி வரலாம்.

சனிக்கிழமை நாக்பூர் ஊருக்குள் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றினோம். யாரால் என்று கேட்காதீர்கள், அவர் ரைட் என்றார், நான் லெஃப்ட் எடுத்தேன், இரண்டுமே தப்பு. சாயந்திரம் அதிலாபாத் போய்ச் சேர்ந்தபோது ரயில்வேக்காரர் ஃபோன் செய்தார். பை வந்துவிட்டதாம். நான் லாட்ஜ் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். பை முதலில் போகும், ஆட்கள் பின்னால் போவார்கள் என்பதுதானே பரஸ்தானம்? இதைவிடச் சுத்தமாக யார் வைத்திருக்கிறார்கள்! இவர் மட்டும் சிரிக்கவில்லை. அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி நாள். நிர்மல் பக்கத்தில் மலை இறக்கம். வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து, ஒரு தடவைகூட வண்டி அணையாமல், பின்னால் ஒருத்தரும் ஹாரன் அடிக்காமல் இறக்கினேன். கீழே வந்து ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்காரர் தெலுங்கில் ஏதோ கேட்டார், நான் தமிழில் பதில் சொன்னேன், இரண்டு டீ வந்தது. வாழ்க்கையில் நான் குடித்த டீயிலேயே அதுதான் உசத்தி.

"எப்படி எறக்கினேன் பாத்தீங்களா?" என்றேன்.

"நல்லா எறக்கின" என்றார். டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "பையை நான் மறக்கல."

"என்ன?"

"காலனி கேட்டைத் தாண்டறப்ப சைடு கண்ணாடில பாத்தேன். அந்தம்மா பையத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"ஏங்க?"

"கொஞ்ச தூரம் போனதும் சொல்லலாம்னு இருந்தேன். திரும்பிடுவ. திரும்பிட்டா நீ மறுபடி கிளம்ப மாட்டேன்னு நெனச்சேன்."

அவர் மாவுக்கட்டின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே பேசினார். "டெல்லில பார்க்குல ஏழெட்டுப் பேர் இருக்காங்க. சாயங்காலமானா போய் உக்காந்து பேசுவேன். அங்க எனக்கு யாரத் தெரியும்? நீ காலைல போனா ராத்திரிதான் வருவ. நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

"உன் இஷ்டம்னு சொல்வீங்களே, எப்பவும்!"

"அப்பல்லாம் கேட்ட, சொன்னேன். நீயே வேணாம்னுட்ட. இந்தத் தடவதான் நீ கேக்கவே இல்லியே."

அடப்பாவி மனுஷா! நாலு நாளாக எங்கே ஓட்ட முடியாமல் போய்விடுமோ என்று நான் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கே ஓட்டிவிடுவேனோ என்று இந்த மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்து பயந்துகொண்டிருந்திருக்கிறார். டம்ளரை வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். தொண்ணூறு, நூறு என்று போனேன். அவரும் வாயைத் திறக்கவில்லை. காமாரெட்டி தாண்டும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். பெல்ட்டுக்குள் ஒடுங்கி, மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, திட்டு வாங்கின பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பாவமாகவும் இருந்தது. பாவம் என்று நினைத்ததும் கோபம் இன்னும் கூடியது.

மேட்சல் வந்தது, ஊர் ஆரம்பித்துவிட்டது. கொம்பள்ளி வருவதற்குள் நாலு பக்கமும் ஆட்டோ, ஸ்கூட்டர், எதிர்த்திசையில் நிதானமாக வரும் பைக். டெல்லியில் வண்டிகள் சண்டைக்கு வரும். இங்கே சண்டையெல்லாம் இல்லை, அவர்கள் பாட்டுக்கு வந்து நம் முன்னால் நின்றுவிடுகிறார்கள். இடது பக்கம் திரும்ப வேண்டும், கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன்.

"லெஃப்ட்ல யாராவது வராங்களா?"

அவர் ஜன்னலை இறக்கித் தலையை முழுசாக வெளியே நீட்டிப் பார்த்தார். உடம்பைத் திருப்பி, உடைந்த கையை வெளியே நீட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினார். மாவுக்கட்டைப் பார்த்ததும் ஆட்டோ மட்டுமில்லை, பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது.

"போ, போ, போ!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார். அல்வால் வரை அந்தக் கையை உள்ளே எடுக்கவே இல்லை.

ரயில்வேக்காரர் வாசலில் காத்திருந்தார். நீலப் பையை ஒரு நாற்காலி போட்டு அதன் மேல் வைத்திருந்தார். பரஸ்தானம் என்று நான் ஃபோனில் சொல்லியிருந்தேன், அதனால் தரையில் வைக்கவில்லையாம். இவரைப் பார்த்ததும், "எதுக்கு சார் இப்படி கையை உடைச்சிக்கினீங்க? சாயங்காலம் கீழ வாங்க, நாங்க நாலு பேர் உக்காருவோம்" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

திங்கட்கிழமை காலை தனியாகக் கிளம்பினேன். இடது பக்க சீட் காலி. யாரும் லாரி லாரி என்று சொல்லாதது என்னவோ போல இருந்தது. வெளிவட்டச் சாலையில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுப் பதினைந்து கிலோமீட்டர் கூடுதலாகப் போய், வேர்க்க விறுவிறுக்க ஆபீசுக்குள் நுழைந்து, கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். இவருக்கு ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. கீழே அந்த நாலு பேரோடு கேரம்போர்டு பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அப்புறம் ஒரு மாதத்தில் ஊர் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. எந்தப் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கும், எந்த சிக்னலில் எத்தனை நேரம், எந்தச் சந்தில் நுழைந்தால் மாரெட்பள்ளி வரும் எல்லாம் தெரிந்தது. மாரெட்பள்ளியில்தான் எலும்பு டாக்டர். கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு அரைநாள் லீவு போட்டு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமேல் தாராளமா வண்டி ஓட்டலாம்" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் வெளியே வந்து காருக்கு நடக்கும்போது, இதோ சாவியைக் கேட்பார், கொடுக்க வேண்டும், நாளையிலிருந்து பழையபடி நான் இடது பக்கம் என்றுதான் மனசில் ஓடியது. கேட்டால் எப்படி இல்லை என்பது? அவருடைய வண்டி. முப்பது வருஷமாக ஓட்டினவர்.

கார் பக்கத்தில் நின்று கையை நீட்டினார். நான் சாவியைக் கொடுத்தேன். வெளுத்துச் சூம்பிப் போயிருந்த விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். தெருவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சாவியை என் கையிலேயே வைத்தார்.

"நீயே ஓட்டு. இந்த ஊர்ல உனக்குத்தான் வழி தெரியும்" என்றார். சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

நான் வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஏறினபோது, "சீக்கிரம் எடு, அங்க நாலு பேர் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார்.